ரைஸ் பால் மேலே ஏறுமா?

போன வருஷம் ஆடி மாசம் ஒரு சாயங்காலம் அண்ணன் மகள் வந்து போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஜப்பான் வீராங்கனை ஒருத்தர் சாஃப்ட்பால் வீசுகிற வீடியோ. கை ஒரு முழு வட்டம் சுற்றி, தொடைப் பக்கத்திலிருந்து பந்து கிளம்புகிறது. பேட்டர் மட்டையைச் சுழற்றுகிறார். பந்து மட்டைக்கு மேலே போய்விடுகிறது.

"சித்தப்பா, இது மேல ஏறுதா ஏறலையா? பி.டி. சார் ஏறும்ங்கிறாரு. பிசிக்ஸ் மிஸ் ஏறவே ஏறாதுங்கிறாங்க. நீ சொல்லு."

அவள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளி சாஃப்ட்பால் அணியில் பிட்சர். சின்னாளப்பட்டியில் சாஃப்ட்பால் என்றால் பாதிப் பேர் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டை நினைப்பார்கள், மீதிப் பேர் பூப்பந்தை நினைப்பார்கள். எனக்கும் அன்றைக்கு அவ்வளவுதான் தெரியும். 'ரெண்டு நாள் டைம் குடு' என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். ரெண்டு நாள் ரெண்டு மாசமானது. படிக்கப் போனது ஒரு கேள்விக்கு, கிடைத்தது வேறொன்றும் சேர்த்து. முதலில் கேள்வியை முடிக்கிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 1887 நவம்பரில் சிகாகோவில் ஒரு படகு கிளப்பின் அறைக்குள் குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிப் பந்தாக்கி, குச்சியால் அடித்து விளையாடியதில் பிறந்தது சாஃப்ட்பால். பேஸ்பாலுக்குத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளலாம். பெயரில்தான் சாஃப்ட். பந்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் தெரியும்: சுற்றளவு 12 அங்குலம், எடை 180 முதல் 200 கிராம் வரை. கிரிக்கெட் பந்து 160 கிராம் சொச்சம்தான். பந்து அக்குளுக்குக் கீழிருந்துதான் வர வேண்டும். விடுகிற நேரத்தில் கை இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் நிற்கும் பட்டைக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடி, அதாவது 13.1 மீட்டர்.

இன்னொரு முக்கியமான வித்தியாசம், பந்து தரையில் குத்தாது. நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் டி.என்.பி.எல். பார்த்துப் பழகிய நம் கண்ணுக்குப் பந்து 'திரும்புவது' என்றாலே பிட்ச் ஆன பிறகு திரும்புவதுதான். அஸ்வினின் கேரம் பால், சென்னைத் தெருக்களில் சொடக்கு பந்து என்பார்களே, அதுவும் தன் வேலையில் பெரும்பகுதியைத் தரையில் பட்ட பிறகுதான் காட்டும். சாஃப்ட்பாலில் அந்த உதவி கிடையாது. பந்து வளைய வேண்டுமானால் காற்றிலேயே வளைய வேண்டும். அதற்குள்ள நேரமோ அரை வினாடிகூட இல்லை.

அந்த நேரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிட்சர் முன்னால் பாய்ந்து காலை ஊன்றித்தான் பந்தை விடுகிறார். அதில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் கழிந்துவிடும். மிச்சம் 11 மீட்டர். நல்ல சர்வதேசப் பிட்சர் மணிக்கு 105 கிலோமீட்டரில் வீசினால் 0.4 வினாடியில் பந்து வந்து சேரும். கிரிக்கெட்டில் 140 கிலோமீட்டர் வேகப்பந்து பேட்ஸ்மேனை அடைய சுமாராக அரை வினாடி. அதாவது 'அண்டர்ஆர்ம்தானே' என்று நாம் சிரிக்கிற பந்து, டெஸ்ட் வேகப்பந்தைவிடக் குறைந்த அவகாசம் தருகிறது. அமெரிக்காவின் மோனிகா அபாட் 2012-இல் மணிக்கு 77 மைல் வீசியது அப்போது கின்னஸில் பதிவானது. அது 124 கிலோமீட்டர்.

நம்ம பிள்ளை வேகம் எவ்வளவு? ஸ்பீடு கன் எல்லாம் எங்கே போக. என் போனில் ஸ்லோமோஷன் வீடியோ இருக்கிறது, வினாடிக்கு 240 பிரேம். பந்து விரலை விட்ட பிரேமிலிருந்து பிளேட்டைத் தாண்டுகிற பிரேம் வரை எண்ணினால் 120. அரை வினாடி. சராசரி 80 கிலோமீட்டர். அவள் எதிரே நிற்கிற பதினாறு வயசுப் பிள்ளைக்கும் 140 கிலோமீட்டர் பந்தை ஆடுகிற பேட்ஸ்மேனுக்கும் கிடைக்கிற நேரம் ஒன்றுதான். இதைச் சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ரெண்டு நாள் வீட்டில் தரையில் கால் படவில்லை.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? தோளிலிருந்து என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கவண் தெரியுமா? சோளக்காட்டில் கிளி விரட்ட, கயிற்று மடியில் கல்லை வைத்துத் தலைக்கு மேல் சுற்றி விடுவது. சாஃப்ட்பாலின் விண்ட்மில் வீச்சு பார்வைக்கு அதுதான். கை 6 மணியில் தொடங்கி, முன்னால் ஏறி, 12 மணிக்கு உச்சி தொட்டு, பின்பக்கம் 9 மணி வழியாக இறங்கி, மறுபடி 6 மணிக்கு இடுப்போரம் வந்து பந்தை விடுகிறது. ஆனால் கவண் முழுக்க ஒரே கயிறு. கைக்கு மூட்டுகள் உண்டு. வித்தையெல்லாம் மூட்டுகளில்தான் இருக்கிறது.

திண்டுக்கல் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருப்பீர்கள். அம்பாத்துரை பிரிவில் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும்? பஸ் நிற்கும், நாம் முன்னால் போவோம். பிட்சிங் என்பது இந்த பிரேக்கை வரிசையாகப் போடுவது. பின்காலால் உந்தி முழு உடம்பும் முன்னால் பாய்கிறது. முன்கால் தரையில் விறைப்பாக ஊன்றி பிரேக் போடுகிறது. அந்த வேகம் இடுப்புக்கு ஏறுகிறது. இடுப்பு நிற்கிறது, தோள் போகிறது. கடைசியாக முழங்கைக்குச் சற்றுக் கீழே உள்ள பகுதி இடுப்போரம் லேசாக உரசுகிறது. அங்கே மேல்கை நின்றுபோக, முன்கை சாட்டை நுனி மாதிரி விசிறிக்கொண்டு போகிறது. கூடவே முன்கை உள்பக்கமாகத் திரும்புகிறது. இந்தத் திருப்பம்தான் கடைசி வேகம். மணிக்கட்டை மட்டும் 'டக்'கென்று மடக்குவதில் கிடைப்பது சொற்பம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லித் தருவது பெரும்பாலும் மணிக்கட்டை மடக்கு, பந்து போன பிறகு கையைத் தோளுக்கு மேலே தூக்கி முழங்கையைக் காட்டு என்பதுதான். நல்ல பிட்சர்களின் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், பந்தை விடுகிற நேரத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. கை மேலே போவது பந்து போன பிறகு, மிச்சமிருக்கிற வேகம் தன்போக்கில் கொண்டுபோவது. அதை வேண்டுமென்று செய்தால் சாட்டை குச்சியாகிவிடுகிறது. வேகத்துக்கு அப்போது தோள் மட்டும்தான் பொறுப்பு. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இப்போது சுழற்சி. எங்கள் வீட்டில் தறி ஓடிய காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தார் சுற்றுகிற வேலை. ராட்டையைச் சுற்றினால் கதிர் சுழலும், நூல் தாரில் ஏறும். இந்தக் கதிரை மனசில் வைத்துக்கொண்டால் சாஃப்ட்பாலின் அத்தனை பந்துகளும் புரிந்துவிடும். பந்தின் நடுவே ஒரு கதிர் குத்தியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கதிர் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது, பந்து அதைச் சுற்றி எந்தப் பக்கம் உருள்கிறது, இவ்வளவுதான் கேள்வி.

விதி சுலபம். பந்துக்கு முன்பக்கம் ஒரு மூக்கு இருந்தால், அந்த மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் பந்து போகும். காரணம், பந்தின் மேற்பரப்பு தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு சுழல்கிறது. மூக்கு மேலே திரும்பினால் முதுகு கீழே திரும்புகிறது. பின்னால் விலகுகிற காற்று கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. காற்றைக் கீழே தள்ளினால் பந்து மேலே தள்ளப்படும். சாய்த்து அடித்த டென்னிஸ் பந்து வளைவதை நியூட்டன் 1672-இலேயே குறிப்பிட்டிருக்கிறார். இருந்தும் பெயர் 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியர் மேக்னஸுக்குப் போய்விட்டது. மேக்னஸ் விளைவு என்று பாடப் புத்தகத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் பார்த்திருக்கலாம்.

கதிர் இடமிருந்து வலமாகக் குறுக்கே கிடந்து, மூக்கு மேலே திரும்பினால் அது ரைஸ் பால். அதே கதிர், மூக்கு கீழே திரும்பினால் டிராப் பால். கதிர் செங்குத்தாக நின்றால் பந்து பக்கவாட்டில் போகும்: வலக்கைப் பிட்சர் வலக்கை பேட்டரை விட்டு விலக்கி வீசினால் கர்வ், அவர் பக்கமே உள்ளே கொண்டுவந்தால் ஸ்க்ரூ பால். கதிர் கேட்சரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தால்? துப்பாக்கிக் குண்டு மாதிரி பந்து முறுக்கிக்கொண்டே போகும். மூக்கு எந்தப் பக்கமும் திரும்பவில்லை, இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. ஆகவே வளைவு ஒன்றும் இல்லை. சுழற்சி பயங்கரமாக இருக்கும், பலன் பூஜ்யம். இதற்கு புல்லட் ஸ்பின் என்று பெயர். இந்தக் கடைசிப் பந்துதான் இந்தக் கட்டுரையின் வில்லன்.

சரி, ரைஸ் பால் ஏறுமா?

கணக்கு இப்படி. 0.4 வினாடியில் புவியீர்ப்பு ஒரு பந்தை 78 சென்டிமீட்டர் கீழே இழுக்கும். வினாடிக்கு 20, 25 சுற்று சுழல்கிற சாஃப்ட்பாலுக்கு அந்த வேகத்தில் கிடைக்கிற தூக்கு விசை, பந்தின் எடையில் சுமார் 40 சதவீதம் வருகிறது. எடையை வென்று பந்து மேல்நோக்கி வளைய வேண்டுமென்றால் 100 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அதற்குச் சுழற்சியை இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்ற வேண்டும், மனிதக் கையால் ஆகாது. ஆக, பிசிக்ஸ் மிஸ் ஜெயித்தார்.

ஆனால் பி.டி. சாரும் முழுக்கத் தோற்கவில்லை. பந்து கிளம்புவது தொடை உயரத்தில், வீசுவதே மேல்நோக்கித்தான். நெஞ்சு உயரத்துக்கு வருகிற பந்து வழி முழுக்க ஏறிக்கொண்டுதான் வருகிறது. சுழற்சி இல்லாத பந்தென்றால் பேட்டரை அடைவதற்குள் உச்சியைத் தொட்டு இறங்க ஆரம்பித்திருக்கும். பின்சுழற்சி உள்ள பந்தோ கடைசி வரை இறங்குவதில்லை. பேட்டரின் மூளை வாழ்நாள் முழுக்க இறங்குகிற பந்துகளைப் பார்த்துப் பழகியது. பந்து பாதி வழி வரும்போதே மட்டையை எங்கே கொண்டுபோவது என்று முடிவு எடுத்தாக வேண்டும், அதற்கு மேல் பார்த்துத் திருத்த நேரமில்லை. இறங்கும் என்று நினைத்த இடத்தில் மட்டையைக் கொண்டுபோகிறது. பந்து அங்கே இறங்கியிருக்காது. ஒரு அடி மேலே இருக்கும். கண்ணுக்கு அது 'ஜிவ்'வென்று ஏறின மாதிரிதான் தெரியும்.

இந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு உதாரணம். 2004-இல் அமெரிக்கப் பிட்சர் ஜென்னி ஃபின்ச் ஒரு காட்சி ஆட்டத்தில் ஆல்பர்ட் புஹோல்ஸ், மைக் பியாசா போன்ற பேஸ்பால் ஜாம்பவான்களுக்கு வீசினார். அவர்களால் தொடக்கூட முடியவில்லை. 150 கிலோமீட்டர் பந்தைத் தினமும் அடிக்கிறவர்கள். அவர்கள் அனிச்சையாக ஆடுகிறவர்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் மேலிருந்து வீசும் பிட்சரின் தோள், முழங்கை அசைவைப் பார்த்தே பந்து எங்கே வரும் என்று படித்துவிடுகிறார்கள். கீழிருந்து வருகிற கையில் அந்த எழுத்து அவர்களுக்குத் தெரியாத பாஷை.

இதையெல்லாம் அண்ணன் மகளிடம் விளக்கிவிட்டு, "சரி, உன் ரைஸ் பாலைப் பார்ப்போம்" என்றேன். கருப்பு இன்சுலேஷன் டேப்பைப் பந்தைச் சுற்றி ஒரே கோடாக ஒட்டினோம். போனைக் கேட்சருக்குப் பின்னால், வலைக்கு அந்தப் பக்கம் வைத்தேன். கோடு பந்தின் நடுவில் அசையாமல் நேராகத் தெரிந்தால் பின்சுழற்சி அல்லது முன்சுழற்சி. கடிகார முள் மாதிரி சுற்றினால் புல்லட்.

இருபது பந்து வீசினாள். இருபதும் கடிகார முள். 15 பிரேமுக்கு ஒரு சுற்று, அதாவது வினாடிக்கு 16 சுற்று. குறைச்சலே இல்லாத சுழற்சி, அவ்வளவும் வீண்.

"அப்ப நான் ஆறு மாசமா போட்டது ரைஸ் பாலே இல்லையா?"

இல்லை. மேல்நோக்கி வீசிய நேர்பந்து. இது அவள் தப்பு இல்லை. முன்னால் சொன்னேனே, முன்கை உள்பக்கம் திரும்புவதுதான் வேகத்தின் கடைசிப் படி என்று. அந்தத் திருப்பம் பந்துக்கு இயல்பாகத் தருவது புல்லட் சுழற்சியும் முன்சுழற்சியும்தான். பின்சுழற்சி வேண்டுமென்றால் விரல்கள் பந்துக்கு அடியில் புகுந்து வெட்டிக்கொண்டு போக வேண்டும், கதவுக் குமிழை வெளிப்பக்கம் திருகுகிற மாதிரி. கை போக விரும்புகிற திசைக்கு நேர் எதிர். வேகத்தையும் விடாமல் இதையும் செய்வதற்கு வருஷக்கணக்கான பழக்கம் வேண்டும். யூடியூபில் பத்து நிமிஷத்தில் ரைஸ் பால் என்று சொல்லித் தருகிறவர்கள் பலர் வீசுவதே புல்லட்தான், டேப் ஒட்டிய கண்ணோடு பார்த்தால் தெரியும்.

இதில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது இன்னொரு கணக்கு. சரியான ரைஸ் பாலே அவளுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேகம் குறைந்தால் தூக்கு விசையும் குறையும். ஆனால் பந்து காற்றில் இருக்கும் நேரம் கூடும். ஒன்றை ஒன்று ஈடுகட்டி, வேகத்துக்கேற்ற சுழற்சி இருக்கிறவரை வளைவு ஏறக்குறைய ஒரே அளவுதான்: அவளுக்கும் ஒரு அடி, ஒலிம்பிக் பிட்சருக்கும் ஒரு அடி. வித்தியாசம் ஈர்ப்பில் இருக்கிறது. அரை வினாடியில் பந்து 123 சென்டிமீட்டர் விழும். அதில் ஒரு அடியை மிச்சப்படுத்தினாலும் 90-க்கு மேல் விழத்தான் செய்யும். அவளுடைய வேகத்தில், நெஞ்சு உயரப் பந்து பேட்டரை அடையும்போது எப்படியும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஏமாறுவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

டிராப் பாலில் இதே கணக்கு அவள் பக்கம் சாய்கிறது. ஈர்ப்பும் சுழற்சியும் ஒரே திசை. 123 சென்டிமீட்டரோடு ஒரு அடி கூடுகிறது. வீசுவதும் எளிது: விரல்கள் பந்துக்குப் பின்னாலும் கீழுமாக இருந்து, நேராக மேலே உரிந்துகொண்டு வர வேண்டும், கடைசியாகப் பந்தை விடுவது விரல் நுனி. பீல் டிராப் என்கிறார்கள். கை திருகத் தேவையில்லை. பேட்டர் தொடை உயரத்தில் நேர்பந்து என்று நினைத்துச் சுழற்ற, பந்து முழங்காலில் இருக்கும். மட்டையில் பட்டாலும் மேல்பக்கம் பட்டுத் தரையில்தான் உருளும்.

இதோடு சேஞ்ச் அப் ஒன்று. சுழற்சியில் ஒரு தந்திரமும் இல்லை, கை சுற்றும் வேகம் அதேதான், பந்தை மட்டும் உள்ளங்கையில் ஆழப் பிடித்தோ புறங்கையை முன்னால் காட்டியோ வேகத்தைக் கொன்றுவிடுவது. மணிக்கு 20 கிலோமீட்டர் குறைந்தால் பேட்டர் மட்டையை முடித்துவிட்டு நிற்பார், பந்து அப்புறமாக வரும். எந்தக் கிராமத்து டென்னிஸ் பந்து டோர்னமெண்டிலும் ஸ்லோ பால் போடுகிற அண்ணன் ஒருத்தர் இருப்பார். அவரிடம் கேட்டால் இதையே சொல்வார்.

இதுவரை கேள்விக்குப் பதில். இனிமேல் நான் தேடாமலே அகப்பட்டது.

ரைஸ் பால் பற்றிப் படிக்கும்போது வழியெல்லாம் ஒரு பெயர் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தது, யூகிகோ உவேனோ. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆகஸ்ட் 20, 21 இரண்டே நாளில் மூன்று ஆட்டங்கள், 413 பந்துகள், ஜப்பானுக்குத் தங்கம். முதல் நாள் மட்டும் 318. 2021-இல் டோக்கியோவில் 39 வயதில் மறுபடி தங்கம். இதை எங்கே படித்தாலும் கூடவே ஒரு வாக்கியம் வரும்: கீழிருந்து வீசுவது உடம்புக்கு இயல்பானது, அதனால் எத்தனை வேண்டுமானாலும் வீசலாம்.

அதற்கு முந்தின வருஷம் நடந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெளியூர்ப் போட்டி ஒன்றில் இவளை ஒரே நாளில் மூன்று ஆட்டம் வீச வைத்திருந்தார்கள். ஆட்டத்துக்கு நூறு பந்து என்றாலும் முந்நூறு. அணியில் வேறு பிட்சர் இல்லை. திரும்பி வந்து ஒரு வாரம் மதினிதான் தலை பின்னிவிட்டார். கை பின்னால் போகவில்லை. "அண்டர்ஆர்ம்தானே, ஓவர்ஆர்ம் மாதிரி தோள் போகாது" என்று பள்ளியில் சொன்னார்களாம். நானும் அன்றைக்கு அதை நம்பினேன், தைலம் தேய்க்கச் சொன்னேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆடிய பிட்சர்களைப் படம்பிடித்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பந்திலும் கை தோள்குழியிலிருந்து வெளியே இழுபடுகிற விசை, உடல் எடையில் சராசரியாக 80 சதவீதம். மேலிருந்து வீசும் பேஸ்பால் பிட்சர்களிடம் அளந்ததற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. 45 கிலோ பிள்ளைக்கு அது 36 கிலோ. இவள் வேகம் குறைவு, ஆகவே இழுவையும் குறையும். பாதி என்றே வைத்துக்கொண்டாலும் 18 கிலோ. ஒரு நிறைகுடத்தை அப்படியே ஒரு கையில் தூக்கி உதறுகிற மாதிரி, ஒரு நாளில் முந்நூறு தடவை. இன்னொரு ஆய்வு மேல்கைத் தசையை மின்முனை வைத்து அளந்தது. 9 மணி நிலையிலிருந்து பந்தை விடும் வரை அந்தத் தசை உழைப்பது மேலிருந்து எறியும்போது உழைப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. முழங்கை தெறித்து நீண்டுவிடாமல் பிரேக் போடுவது அதுதான். சாஃப்ட்பால் பிட்சர்கள் தோளின் முன்பக்கத்தில் கையை வைத்து 'இங்கதான் வலிக்குது' என்று காட்டுவார்களே, அந்தத் தசைநார் ஒட்டியிருக்கிற இடம் அது.

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன இடம் இப்போது வருகிறது. காலும் இடுப்பும் வரிசையாக பிரேக் போட்டால் தோள் வெறும் வழி. அவை வேலை செய்யாத கையில் வேகம் முழுக்கத் தோளிலிருந்துதான் பிறக்க வேண்டும். களைத்துப்போன பிட்சருக்கு முதலில் போவது காலின் விறைப்பு. மூன்றாவது ஆட்டத்தில் பந்து வேகம் பெரிதாகக் குறையாமல் இருக்கலாம். கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் மாறியிருக்கும்.

பேஸ்பாலில் இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு இத்தனை பந்து, அதற்குப் பிறகு இத்தனை நாள் ஓய்வு என்று அமெரிக்காவில் வழிகாட்டி அட்டவணையே உண்டு. சாஃப்ட்பாலில் பெரும்பாலான இடங்களில் அந்தக் கண்டிப்பு இல்லை. இங்கே நம் பள்ளிப் போட்டிகள் ரெண்டு மூணு நாளில் முடிந்தாக வேண்டும். பஸ் செலவு, தங்க இடம், எல்லாக் கணக்கும் உண்டு. ஒரு அணிக்கு ஒரு பிட்சர். அவள் ஜெயிக்க ஜெயிக்க ஆட்டம் கூடிக்கொண்டே போகும். நன்றாக வீசுகிற பிள்ளைதான் அதிகம் வீசும். உவேனோ 413 வீசினார் என்பது உண்மை. அவருக்குப் பின்னால் இருந்த வருஷங்களும் பிசியோவும் ஓய்வும் அந்த வாக்கியத்தில் வருவதில்லை.

அண்ணனோடு போய் சாரைப் பார்த்தேன். சண்டைக்குப் போகவில்லை. டேப் ஒட்டிய பந்து வீடியோவைத்தான் முதலில் காட்டினேன். அதில் அவருக்கு என்னைவிட ஆர்வம், மறுநாள் எல்லாப் பந்துக்கும் டேப் ஒட்டியாகிவிட்டது. அப்புறம்தான் தோள் பேச்சை எடுத்தேன். "எனக்குச் சொல்லிக் குடுத்தவங்க அப்பிடித்தான் சார் சொன்னாங்க" என்றார். பொய் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ரெண்டு பேருக்கு விண்ட்மில் சொல்லித் தர ஆரம்பித்திருக்கிறார். ஒருத்தி இடக்கைக்காரி.

வீட்டு நாள்காட்டியில் தேதிக்குக் கீழே தினமும் எத்தனை பந்து என்று மதினி குறித்து வைக்கிறார். பயிற்சி நாளில் எண்பது. தோளின் முன்பக்கம் வலித்தால் கட்டத்தில் பெருக்கல் குறி, அன்றைக்கும் மறுநாளும் கை சுற்றக் கூடாது. அக்டோபரில் நாலு பெருக்கல் குறி இருந்தது. ஜனவரியில் ஒன்று.

டிராப் பால் வந்துவிட்டது. கேட்சர் பிள்ளைதான் பாவம், பாதிப் பந்து கையுறைக்கு அடியில் போய் முழங்காலில் படுகிறது. ரைஸ் பாலை இவள் விடவில்லை, ஒரு நாளைக்குப் பத்துப் பந்து மட்டும் என்று பேச்சு. போன ஞாயிறு எடுத்த வீடியோவில் கதிர் கேட்சரை நேராகப் பார்க்கவில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது, மணி முள் 12-லிருந்து 1-க்கு நகர்ந்த அளவு. 3-க்கு வர வேண்டும்.